டென்ஷன் டாக்டரும் லைன் அக்காவும்

"உதவிக்குக் கூப்பிட்டா யாரோ காதுக்குள்ள புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதுறாங்க. பயமா இருக்கு. வேற யாராவது இருந்தா கொடுங்க" என்றது போனில் ஒரு பெண் குரல்.

லைன் அக்கா இழுத்த மூச்சை அப்படியே விழுங்கிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆழமாக மூச்சு விட்டால் படபடப்பு அடங்கும் என்று வீட்டுக்காரர் காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு அடங்கவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத்தான் புதிதாகத் தொற்றிக்கொண்டது.

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தினால், அழைப்பு இவளுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சிலேயே பிடித்துவைத்திருக்க வேண்டும். லிஃப்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசலாம் என்பது அவள் வைத்துக்கொண்ட சட்டம். கதவு திறப்பதற்குள், புது வீட்டில் சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்று இவளிடம் கேட்டு முடிவு செய்தவர் உண்டு. மகள் பாஸாகிவிட்டாள் என்று சொல்வதற்காகவே இன்னொரு நாள் லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தியவரும் உண்டு. இந்த வேலை அவளுக்கு உயிர்.

அதற்குத்தான் இப்போது வேட்டு. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் கண்டுபிடிக்கக் கம்பெனி ஒரு ஃபாரம் கொடுத்திருந்தது. 'தூக்கத்தில் பேசுவீர்களா?' என்ற கேள்வியை அவள் நைசாக விட்டிருந்தாள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். விட்டுப்போன இடத்தைப் பார்த்ததும் கை பொறுக்காமல், 'தினமும். கதவைத் தள்ளாதீங்க சார், ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க என்பாள்' என்று குண்டு குண்டாக எழுதிவிட்டார்.

பெயர் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்று பதினோரு மணிக்கு டென்ஷன் டாக்டர் வருகிறார். 'இவர் நன்றாக இருக்கிறார்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டுக்குள் கையெழுத்து வராவிட்டால் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். அங்கே போல்ட்டும் நட்டும் மட்டும்தான். இரண்டும் வாய் திறந்து பேசாது.

"டாக்டர் வரும்போது சாந்தமா இருங்க. பேச்சையும் கொஞ்சம் நிதானமாக்குங்க" என்றார் மேனேஜர்.

அடுத்த அழைப்பில் நிதானமாக்கினாள். "வணக்கம்... பயப்பட... வேண்டாம்... உதவி... வந்துகொண்டிருக்கிறது."

"அடச்சே, மெஷினைப் பேச விட்டிருக்கானுங்க" என்று உள்ளே இருந்தவர் கத்திவிட்டு, பொத்தானைப் போட்டுக் குத்த ஆரம்பித்தார். நான் மனுஷிதான் என்று நிரூபிப்பதற்குள் அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

தண்ணீர் குடித்தால் பதற்றம் குறையும் என்றாள் பக்கத்து மேஜைக்காரி. ஒரு பாட்டிலைக் காலி செய்தாள். பத்தே நிமிஷத்தில் எழுந்து போயே ஆகவேண்டிய நிலை. எழுந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மணி பத்தே முக்கால்.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்குது" என்றது ஓர் ஆண் குரல். "எனக்கு மூச்சு முட்டுது."

எதிரே இருந்த பலகையைப் பார்த்தாள். அது அவர்கள் ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட். கம்பெனியின் மானம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் இருந்த மெக்கானிக்கை ஒரு கையால் கூப்பிட்டுக்கொண்டே ரிசீவரைக் காதில் அழுத்தினாள். சாந்தம், நிதானம் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"கீழே உக்காருங்க சார். சட்டை அழுக்கானா துவைச்சுக்கலாம். பையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஃபைல்தான். அஞ்சாவது மாடியில ஒரு அம்மாவைப் பாக்கணும். தூக்கத்துலகூட வேலையைப் பத்திப் பேசுறாங்களாம்."

டென்ஷன் டாக்டரேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று லைன் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாகப் போகவேண்டியதுகூட மறந்துபோனது.

"அவங்களைத் தெரியுமா?" என்றார் டாக்டர்.

"பாத்திருக்கேன் சார். ரொம்ப நல்ல மாதிரி."

"பாவம், ரொம்ப முத்திப்போச்சு போல. இந்த வேலையை எப்படித்தான் தாங்குறாங்க?"

பொசுக்கென்று வந்துவிட்டது பதில். "மணி அடிக்கிறப்பல்லாம் வயித்தைப் பிசையும் சார். பொய் சொல்லக் கூடாது. ஆனா உள்ள இருக்கறவங்க 'கதவு திறந்துடுச்சுங்க'ன்னு சொல்லுவாங்க பாருங்க, அந்தக் குரலைக் கேட்டா, நாளைக்கும் இப்படியே பிசையட்டும்னு இருக்கும். அது இல்லாத கிடங்குல அவங்களைக் கொண்டுபோய் உக்கார வச்சா செத்துப்போயிடுவாங்க."

அளவுக்கு மீறிப் பேசிவிட்டோம் என்று பயந்து அவள் பேச்சை மாற்றினாள். "நீங்க சாப்பிட்டீங்களா சார்?"

"எங்க? ஒரு நாளைக்கு ஒன்பது பேரைப் பாக்குறேன். ஒன்பது பேரையும் நல்லா தூங்குறீங்களான்னு கேக்குறேன்."

"நீங்க நல்லா தூங்குறீங்களா?"

"என்னை யாரும் இதைக் கேட்டதே இல்லம்மா" என்றவர், கேட்டதும் ஆரம்பித்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது, பிள்ளைகளிடம் பேசினால் அவர்கள் 'அப்பா, கவுன்சிலிங் பண்ணாதீங்க' என்று எழுந்து போவது, ஒரு காலத்தில் புல்லாங்குழல் வாசித்தது. அவள் 'ம்' கொட்டினாள். இடையிடையே "என்ன பாட்டு சார்?" "அதுக்கு உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். மற்ற அழைப்புகளைப் பக்கத்து மேஜைக்காரி எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் உள்ளதானே சார் இருக்கீங்க?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டுவைத்தாள்.

"உள்ளதான்மா இருக்கேன். சொல்றேன் கேளுங்க..."

மனுஷர் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கிறார். தான் மட்டும் யாரோ போல ஒளிந்திருப்பது அவளை உறுத்தியது. கிடங்கோ, கிணறோ, போவோம் என்று துணிந்துவிட்டாள்.

"சார், அந்த அம்மா நான்தான்."

மறுமுனையில் பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு வருஷமும் அந்தச் சத்தத்தோடு முடிந்துபோனது என்று நினைத்தாள். அழுகை வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மாற்றல் உத்தரவும் கையுமாக வந்து நின்றார் மேனேஜர். "பதினோரு மணியிலேருந்து வாசல்லயே நின்னேன். டாக்டரைக் காணோம். மணி பன்னிரண்டாகப் போகுது. நான் என்னம்மா பண்ணட்டும், மேலிடத்து உத்தரவு." அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"டாக்டர் நம்ம லிஃப்டுலதான் சார் மாட்டிக்கிட்டிருக்காரு. ஒரு மணி நேரமாச்சு. மெக்கானிக்கை இன்னும் காணோம்" என்றாள் லைன் அக்கா.

மேனேஜருக்கு முகம் பேயறைந்தது போல் ஆனது. "நம்ம லிஃப்டா? ஒரு மணி நேரமா? என் வேலையும் போச்சு" என்று செல்போனை எடுத்தார். அவர் அழைப்பதற்குள் அதுவே அடித்தது. மெக்கானிக். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, "எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்று பாய்ந்தார்.

"நான் லிஃப்ட் வாசல்லதான் சார் நிக்கிறேன். அக்கா லைன் கிடைக்கவே இல்ல. கதவைத் திறந்து முக்கால் மணி நேரமாச்சு. இவரு வெளிய வரமாட்டேங்குறாரு சார். 'அந்தம்மாவைக் கிடங்குக்கு மாத்திட்டா நாளைக்கு நான் யார்கிட்டய்யா பேசுறது'ன்னு என்னைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டிருக்காரு."