திரும்பி வந்த தேங்காயும் மூக்கில்லாத வாளும்

ஸ்ரீ ஹாடகேஸ்வரர் துணை

வேலாவட்,
பௌஷ மாதம், வளர்பிறைத் திருதியை.

நாகர் குலத்துக்கு நெற்றித் திலகமாக விளங்குபவரும், எனக்குச் சம்பந்தி ஆகவிருந்தவரும், நாலு நாளாக ஆகாமல் இருப்பவரும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மறுபடி ஆகப்போகிறவருமான ஸ்ரீமான் இச்சாசங்கர் அவர்களின் சமூகத்துக்கு, வேலாவட் சமஸ்தானத்து நகைக் காப்பாளன் த்ரம்பக்லால் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், தங்கள் முழங்கால் வலியின் நிலவரத்தையும் அறிய ஆவல்.

நிற்க. தாங்கள் திருப்பி அனுப்பிய நிச்சயதார்த்தத் தேங்காய் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. அதனோடு வைத்துக் கொடுத்திருந்த வெள்ளி ரூபாயும் வந்தது. கொண்டுவந்த ஆள் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, இரண்டாம் தடவை மோர்க் கடி ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "வைரத் திருடன் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம்னு ஐயா சொல்லச் சொன்னாரு" என்றான். சொல்வதை முதலிலேயே சொல்லியிருந்தால் கடியாவது மிஞ்சியிருக்கும். என் மகள் ஹரகௌரி அந்தத் தேங்காயை எடுத்துப் போய்த் துடைத்துப் பூஜை மாடத்தில் வைத்தாள். அவள் அம்மா அழுததற்கு, "தேங்காய்தானே திரும்பி வந்துச்சு, நான் ஒண்ணும் திரும்பி வரலியே" என்றாள். ஆகவே அதே தேங்காயையும் அதே ரூபாயையும் இத்துடன் மறுபடி அனுப்பியிருக்கிறேன். நடந்தது என்னவென்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்தபின் அடுப்பில் போட்டுவிடவும். தேங்காயை அல்ல, கடிதத்தை.

எங்கள் சமஸ்தானம் பெரிது என்று நான் எப்போதும் சொன்னதில்லை. பதினொரு கிராமம், ஒரு குளம், ஒரு வைரம். அந்த வைரத்துக்குச் சுக்கிரன் என்று பெயர். நல்ல இலந்தைப் பழம் அளவு இருக்கும். டில்லியிலிருந்து எப்படி வந்தது என்பதைப் பற்றி அரண்மனைப் பாட்டுக்காரர்கள் நாலு பேரும் நாலு விதமாகப் பாடுவார்கள், நாலு பேருக்கும் சன்மானம் உண்டு. அது எங்கள் தாக்கோர் மன்னரின் வாளில், கைப்பிடியின் நுனியில் பதிந்திருக்கும். முப்பது வருஷமாக அதற்கு நான் காவல். போன மார்கசிர மாதம் வளர்பிறை ஏகாதசியன்று தாக்கோருக்கும் பாண்டேர் சமஸ்தானத்து இளவரசிக்கும் கல்யாணம் என்று முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. அதே ஏகாதசியன்று ஏஜென்சி துரை வேட்டைக்காக எங்கள் ஊரில் முகாம் போடப்போவதாகக் காகிதம் வந்தது. துரை வரும்போது ராஜா ஊரில் இல்லாமலிருக்க முடியாது. முகூர்த்தத்தையும் விட முடியாது. நம் காட்டியாவாட் ராஜபுத்திரர்களுக்கு இதெல்லாம் ஒரு சங்கடமே இல்லையென்று தங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு வரத் தோதில்லையென்றால் அவருடைய வாளை அனுப்புவார்கள், பெண் வாளோடு அக்கினியை வலம்வந்து புறப்பட்டுவிடுவாள். சங்கடம் வாளில் இல்லை, கைப்பிடி நுனியில் இருந்தது. துரைசானி அம்மாள், தாம் வருவதே சுக்கிரனைப் பார்க்கத்தான் என்று முன்கூட்டி எழுதியிருந்தார். பாண்டேரிலோ வைரமில்லாத வாள் போனால் தலையில்லாத மாப்பிள்ளை வந்ததாக நினைப்பார்கள். இருப்பது ஒரு கல், போகவேண்டியது இரண்டு இடம், நடுவில் அரைநாள் வண்டிப் பயணம்.

இந்த இடத்தில் என் புத்தியை நான் உபயோகித்தேன். கம்பாத்தில் கல் பட்டை தீட்டும் ஒருவரைக் கொண்டு, ஸ்படிகத்தில் அச்சு அசலாக இன்னொரு சுக்கிரன் செய்து வாங்கி வந்தேன். பாண்டேர் ராணிமா கல்லோடு பிறந்து கல்லோடு வளர்ந்தவர், அவரிடம் பாச்சா பலிக்காது. துரைசானி கையில் வாங்கி ஆகா என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். ஆகவே அசல் கல்யாணத்துக்கு, ஸ்படிகம் துரைசானிக்கு என்று தாக்கோர் தீர்மானித்தார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர், தாக்கோர், காரியங்களைப் பார்க்கும் காரபாரி வீர்ஜி சேட், நான். அசல் சிவப்புப் பட்டில், ஸ்படிகம் வெள்ளை மஸ்லினில், இரண்டும் ஒரே பெட்டியில். சாவி ஒன்று என் இடுப்பில், ஒன்று சேட் இடுப்பில். ஆனாலும் திருடன் வந்தால் சிவப்புப் பட்டைத்தானே முதலில் எடுப்பான் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே முந்தின நாள் சாயங்காலம், ஒருவருக்கும் சொல்லாமல், அசலை வெள்ளையிலும் ஸ்படிகத்தைச் சிவப்பிலும் மாற்றிக் கட்டிவைத்தேன். இதுவல்லவோ ஜாக்கிரதை. விடிந்ததும் வெள்ளைத் துணியில் இருந்ததை எடுத்து வாளின் கைப்பிடி நுனியில் அரக்கு வைத்து நானே ஒட்டினேன், தட்டானைக் கூப்பிட்டால் ஊரைக் கூப்பிட்டதாகிவிடும். கல்லை உற்றுப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். முப்பது வருஷம் காப்பாளனாக இருந்தவனுக்குக் கல்லைப் பார்க்கவேண்டியதில்லை, துணியைப் பார்த்தால் போதும். சிவப்புத் துணிப் பொட்டலத்தை, "இதுதான் துரைசானிக்கு" என்று தாக்கோர் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

வண்டி ஊர் எல்லை தாண்டும்போது காரபாரி வீர்ஜி சேட் செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடிவந்தார். அன்று ஜைனர்களுக்கு மௌன ஏகாதசி. சேட் ஆண்டு தவறாமல் அன்று பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார், பேசமாட்டார், எழுதுவதும் பேச்சில்தான் சேர்த்தி என்று அவர் குரு சொல்லியிருப்பதால் எழுதவும் மாட்டார். மூச்சு வாங்க வண்டியைப் பிடித்துக்கொண்டு, என் வெள்ளைத் தலைப்பாகையைத் தொட்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாட்டுக் கொம்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தொட்டு இது இது என்று தலையை ஆட்டினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு வெள்ளைத் தலைப்பாகையோடு போவது லட்சணமில்லை, சிவப்புக் கட்டிக்கொள் என்கிறார். பட்டினி கிடக்கிற மனுஷனுக்கு நம் தலைப்பாகைமேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "கட்டாயம் மாத்திக்கறேன் சேட்" என்று சொல்லி வண்டியை விரட்டச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவர் பாதை நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாவம், பசி. அடுத்த ஊரிலேயே நல்ல சிவப்புத் தலைப்பாகை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாண்டேரில் வாளுக்கு நடந்த மரியாதையைத் தங்களுக்கு எழுத இடம் போதாது. மாலை போட்டார்கள், குதிரைமேல் ஏற்றினார்கள், அபினிக் கசும்பா கரைத்து முதல் சொட்டை வாளுக்குத்தான் காட்டினார்கள், இனிப்பு லாப்சி ஒரு தட்டு வாளுக்குமுன் வைத்து, மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்று சொல்லிக்கொண்டே எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மாப்பிள்ளையை மாமியார் வாசலில் எதிர்கொள்ளும் சடங்கு. அந்தப்புர வாசலில் அன்னிய ஆண் நிற்கக்கூடாது, வாளோ தானாக நிற்காது, ஆகவே அறுபது வயது பிராமணனை ஆணாகக் கணக்கிடவேண்டியதில்லை என்று அவர்கள் வீட்டுப் புரோகிதர் சாஸ்திரம் சொல்லி என்னைப் பிடித்து நிறுத்தினார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாளைத் தலைகீழாக, கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்தேன். ஆரத்தி ஆயிற்று, ஏர்க்கால், மத்து எல்லாம் காட்டியாயிற்று. அடுத்தது என்னவென்பதை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன், சம்பந்தி. மாமியார் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடிக்கவேண்டும், மாப்பிள்ளை சட்டென்று முகத்தை விலக்கித் தப்பவேண்டும். வாளுக்கு ஏது மூக்கு? துருத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் கேலிப்பாட்டுப் பாட, வளையல் குலுங்க ஒரு கை வந்து சுக்கிரனைப் பிடித்தது. ராணிமா கைக்கு எதிரே உருவிய வாளை நான் அப்படியும் இப்படியும் ஆட்டினால் என் கதி என்ன ஆகும்? அசையாமல் நின்றேன். ராணிமா ஒரு திருகு திருகினார். அரக்கு விட்டுவிட்டது.

பாட்டு நின்றது. ராணிமா கல்லைக் கையில் வைத்துப் பார்த்தார், அதன்மேல் ஒரு தரம் வாயால் ஊதினார், வெளிச்சத்தில் காட்டினார், முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சொல்கிறேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"த்ரம்பக்பாய், எங்க மாப்பிள்ளை மூக்கு ரொம்ப சுலபமா கழண்டு வருதே" என்றார்.

"கொஞ்ச நாளா ஜலதோஷம் ராணிமா" என்றேன்.

"சரி, மூக்கு எங்கிட்டயே இருக்கட்டும். அவரே நேர்ல வந்து கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார். அவர் நினைத்திருந்தால் அந்த வாசலிலேயே கல்யாணத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புரோகிதரைப் பார்த்து ஆகட்டும் என்று ஜாடை காட்டினார். மூக்கில்லாத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நடந்து, வாளையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நான் ஊர் திரும்பினேன்.

திரும்பினால் இங்கே இன்னொரு கூத்து நடந்து முடிந்திருந்தது. எங்கள் தாக்கோர் தம் பிறந்தநாளன்றுகூட லட்டைப் பாதியாகப் பிட்டுக் கொடுக்கிறவர் என்பது தாங்கள் அறிந்ததே. சபையில் துரைசானி கல்லை வாங்கிப் பார்த்து, வைத்த கண் வாங்காமல் அரைமணி நேரம் வைத்துக்கொண்டிருந்தாராம். அக்கம்பக்கத்து ராஜாக்கள் எல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஸ்படிகம்தானே என்ற தைரியத்தில் தாக்கோர் மீசையை முறுக்கிக்கொண்டு, "ஒருத்தர் கைல கொடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் எங்க வம்சத்துல இல்ல, நீங்களே வெச்சுக்கோங்க" என்றுவிட்டார். சபை வாயைப் பிளந்தது. அந்த நிமிஷத்தில் காரபாரி சேட் வேரறுந்த மரமாக விழுந்திருக்கிறார். பட்டினி மயக்கம் என்று பன்னீர் தெளித்துத் தூக்கிப் போனார்கள். துரைக்குச் சன்மானம் வாங்கச் சட்டமில்லையாம், ஆகவே கல்லை முத்திரையிட்டு சர்க்கார் கஜானாவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்க்கப்போகிறார் என்று கேள்வி. அதைப் பற்றித் தாக்கோர் கவலைப்பட்டார். "அரச வம்சத்தாரின் கையைவிட்டுப் போன கல் துக்கத்தால் ஒளி குன்றிவிடும்" என்று ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டலாம் என்றேன். சமாதானமானார்.

இப்போது தங்களுக்கே விளங்கியிருக்கும். துரைசானிக்கு ஒரு சுக்கிரன் கொடுத்ததை ஊர் பார்த்தது. வாளில் ஒரு சுக்கிரன் போனதையும் ஊர் பார்த்தது, வாள் மொட்டையாகத் திரும்பியதையும் பார்த்தது. த்ரம்பக்லால்தான் கல்லை அமுக்கிவிட்டான் என்று ஊர் பேசுகிறது. உண்மையைச் சொன்னால் துரையை ஏமாற்றியதாகிவிடும் என்று தாக்கோர் வாய் திறக்கவில்லை. சேட் அன்றிலிருந்து காய்ச்சலில் பேச்சில்லாமல் படுத்த படுக்கை. பார்க்கப் போனேன். என் தலைப்பாகையைக் காட்டி அழுதார். "நீங்க சொன்னபடி சிவப்புதான் கட்டிக்கிட்டுப் போனேன் சேட்" என்றேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஆகக்கூடி, அசல் வைரம் பாண்டேர் ராணிமாவிடம் பத்திரமாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை தாக்கோரே மாமியார் வீட்டுக்குப் போய் வாங்கி வருகிறார். வைரத்தை நான் திருடவும் இல்லை, தொலைக்கவும் இல்லை. முப்பது வருஷத்தில் என் கையால் ஒரு கல் இடம் மாறியதில்லை. ஆகவே தாங்கள் இந்தத் தேங்காயைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டு, முன்பு நிச்சயித்தபடி வசந்த பஞ்சமியில் என் மகளைத் தங்கள் மகளாக அழைத்துக்கொள்ள வேண்டும். அவள் கண்ணில் தண்ணீர் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் மாப்பிள்ளை அனந்தராய்க்கு என் ஆசீர்வாதம். தங்கள் மனைவிக்கு என் மனைவியின் நமஸ்காரம். ஹாடகேஸ்வரர் இரண்டு குடும்பத்துக்கும் நூறு வயதும் நிம்மதியும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
த்ரம்பக்லால்.

பின்குறிப்பு: ஒட்டகத்தில் ஏற்றிவிட்ட ஆளை இறக்கி, ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பாண்டேரிலிருந்து ஒரு சின்னப் பெட்டியும் சீட்டும் வந்தன. பெட்டியில் மூக்கு இருக்கிறது. சீட்டில் ராணிமா, எங்கள் பெண் அங்கே சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லியனுப்பியதால் வம்பு வேண்டாமென்று விட்டோம், ஸ்படிகம் நல்ல வேலைப்பாடு, பேரப்பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளவும், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைச் சொந்த மூக்கோடு வரச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறார். பின்னாலேயே ஏஜென்சிக் காகிதம் வந்தது. மதிப்பீட்டாளர் இவ்வளவு சுத்தமான வைரத்தைத் தம் ஆயுளில் கண்டதில்லையாம். அது கப்பலேறி லண்டன் போய்விட்டதாம். இணையற்ற தாராள மனதுக்காக எங்கள் தாக்கோரின் நாற்காலியை ஏஜென்சி தர்பாரில் இரண்டு இடம் முன்னால் போடுவார்களாம். அதற்கும் பின்னால் காரபாரி சேட் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "திருடன் வந்தா சிவப்பைத்தானே எடுப்பான்னு, முந்தின நாள் ராத்திரி நான் துணியை மாத்திக் கட்டிட்டேன் த்ரம்பக்பாய், விடிஞ்சு தாக்கோர் கையில இருந்த சிவப்பை விரிச்சுப் பார்த்தா உள்ள அசல் இருக்கு, அதான் வண்டி பின்னால ஓடிவந்தேன்" என்றார். "நானும் சாயங்காலம் மாத்தினேன் சேட்" என்றேன். இரண்டு தடவை மாற்றினால் அசல் பழையபடி சிவப்புக்கே போய்ச் சேரும் என்று இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

தாக்கோர் இரண்டு காகிதங்களையும் படித்துவிட்டாராம். என்னைக் கூப்பிட ஆள் வந்து வாசலில் நிற்கிறான். சேட்டுக்குக் காய்ச்சல் என்பதால் அவரைக் கூப்பிடவில்லை.

ஆகவே வசந்த பஞ்சமி வேண்டாம், சம்பந்தி. நாளை மறுநாளே வைத்துக்கொள்வோம். பௌஷத்தில் கல்யாணம் கூடாது என்பீர்கள், வசந்த பஞ்சமிக்குள் நான் எந்தச் சிறையில் இருப்பேனோ தெரியாது, என் மகள் கல்யாணத்தை நான் கண்ணால் பார்க்கவேண்டும். மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காவிட்டால் பாதகமில்லை, நாம் எழுதிப் பிழைக்கிற ஜாதி, அவருடைய பேனாவை அனுப்பினால் போதும். நிப்பை மட்டும் நன்றாக அழுத்திச் செருகி அனுப்பவும். வாசலில் எதிர்கொள்ளப்போகிறவள் என் மனைவி.