என் மகள் நடிகை என்று நான் ஊருக்கு அறிவித்த விதம்

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, மடித்த துவாய்களோடு என் மகள் ஷெரினின் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை. துவாய்கள் கனமாக இருந்தன, சற்று இளைப்பாறினேன். (நான்கு துவாய்கள். அதில் இரண்டு கை துடைப்பவை.)

உள்ளே அவள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தனக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது டொக்டர் என்று கேட்டாள். பிறகு, தயவுசெய்து அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்ப அதே இரண்டு வசனங்களையும் இன்னும் தணிந்த குரலில் சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது குரல் உடைந்தது.

மூன்று டொக்டர்களிடம் கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். நான் இந்த நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அவதானிப்பிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன்புதான் ஷெரின் ஒரு பெரிய காப்புறுதி நிறுவனத்தில் இருந்த வேலையை விட்டிருந்தாள். நிரந்தர வேலை, ஓய்வூதியம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. (அந்த அட்டை மேல் எனக்குத் தனிப் பாசம்.) இனி நடிக்கப் போவதாகவும், மற்றவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். என் கணவர், அந்தச் சொதியை இஞ்சால தாரும் என்றார். அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

நான் எதிர்க்கவில்லை, மறைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து யாராவது மகளின் வேலை எப்படி என்று கேட்டால், நல்லாப் போகுது என்பேன். எந்த வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை என்பது என் சொந்தத் தீர்ப்பு.

பதினொரு மணிக்கு ஷெரின் கீழே வந்தாள். நகரின் மறுகோடியில் ஃபாரஸ்ட் கேட்டில் நடிப்பு வகுப்பு எடுக்கப் போவதாகச் சொன்னாள். முகம் பளிச்சென்று இருந்தது. பிள்ளை எவ்வளவு தைரியமாகத் தாங்குகிறாள் என்று நினைத்து, அவளுடைய தட்டில் இன்னொரு முட்டை வைத்தேன்.

அவள் போன பிறகு, விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த கணவரை எழுப்பினேன். ஒரு கண்ணால் கேட்டார்.

"பிள்ளையிட்டயே கேளுமன்," என்றார்.

"எங்களுக்குத் தெரிய வேண்டாம் எண்டு அழுதவள். அதை மதிக்கத் தெரியாதோ உங்களுக்கு?"

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். (செபிக்கத்தான் கண்ணை மூடினாராம்.) ஆகவே, மகளின் விருப்பத்தை மதித்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல், நாற்பத்து மூன்று பேர் உள்ள எங்கள் வாட்ஸ்அப் செபக் குழுவுக்கு அறிவித்தேன்.

எங்கள் குழுவில் பெயர் சொல்லத் தேவையில்லை. விசேட கருத்துக்காக மன்றாடுங்கள் என்றால் போதும், யாரும் விசாரிக்கக் கூடாது என்பது விதி. நான் இன்னும் கவனமாக எழுதினேன்: "ஓர் இளம் பெண்ணின் கடும் நோய்க்காக. பெயர் வேண்டாம். தாய் தாங்கமாட்டாள்." இதிலிருந்து எதுவும் பிடிபடாது என்று நம்பினேன். குழுவில் இளம் பெண் பிள்ளைகள் உள்ள தாய்மார் நான்கு பேர். மற்ற மூவரும், அது தாங்கள் இல்லை என்று ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்குக் குழுத் தலைவி பிலோமினா அக்கா ஒரு பானை கோழிச் சூப்போடு வந்தார். நான் வாயைத் திறக்க முன்னரே, "நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம் ஜெசிந்தா. எங்களுக்கு விளங்குது," என்று என்னைக் கட்டிக்கொண்டார். கடும் நோயாளிகளுக்குச் செபித்துப் பூசும் எண்ணெயோடு வரும்படி ஃபாதருக்கும் சொல்லியாயிற்றாம். இரண்டரை மணிக்குள் வரவேற்பறையில் பதினொரு பேர், அடுப்பில் ஆறு சட்டி. செபமாலை தொடங்கியது.

ஐந்து தேவரகசியங்களில் மூன்றாவதைச் சொல்லும்போது முன்கதவு திறந்தது. ஷெரின் நின்றாள். வாசலில் கழற்றிவிட்டிருந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். முழந்தாளில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"அம்மா, ஆர் செத்தது?"

பிலோமினா அக்கா எழுந்து போய் அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, "ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. இந்தக் காலத்தில எல்லாத்துக்கும் மருந்திருக்கு," என்றார்.

ஷெரின் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். நான் குசுகுசுத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியைப் பிடித்தபடி கேட்டாள். பிறகு விளக்கினாள். மருத்துவ மாணவர்கள் கெட்ட செய்தி சொல்லிப் பழகுவதற்கு, நோயாளியாக நடிக்க ஆட்களை எடுப்பார்களாம். காலையில் அந்த வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கணினியில் பாடம் எடுத்தாளாம். ஒரே வசனத்தை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாளாம்.

அவள் சிரிக்கவில்லை. (சிரிப்பு திங்கட்கிழமைதான் தொடங்கியது.)

"நான் வேலையை விட்டதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

நான் சூப் பானையின் மூடியைச் சரிசெய்தேன்.

அவள் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியை விட்டாள். பிறகு, "சரி அம்மா. நான் வருத்தக்காரியா இருக்கிறன். ஒரு மணித்தியாலம் எண்டால் ஏலும். நாளைக்கு டெஸ்ட் ரிசல்ட் பிழையாம் எண்டு சொல்லுவம்," என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் யோசித்தேன். நோய் கௌரவமானது. நோய் வந்தால் யாரும் வளர்ப்பைக் குறை சொல்வதில்லை. "இருமவும் ஏலுமோ?" என்றுகூடக் கேட்டேன். வேணுமெண்டால் இருமுறன் என்றாள். கோபமே இல்லாமல் முடியைக் கலைத்தாள். தோள்கள் இறங்கின. கண்ணுக்குள் இருந்த வெளிச்சம் எங்கேயோ போனது. இரண்டு நொடியில் என் சமையலறையில், நத்தார்ப் பண்டிகை வரைக்கும் தாங்காத ஒரு பெண் நின்றாள்.

காலை முழுவதும் இந்தப் பிள்ளை என் கையை விட்டுப் போகிறாள் என்று அழுதவள் நான். இப்போது சுகமாக என் முன்னால் நிற்பவளை, என் மானத்துக்காக நானே நோயாளியாக்கிச் சபைக்கு அனுப்பப் பார்க்கிறேன். அவளும் போகச் சம்மதிக்கிறாள்.

"தலையைச் சீவு," என்றேன்.

வரவேற்பறைக்குப் போனேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொம்பனி வேலையை விட்டிட்டாள். நடிக்கிறாள், நடிப்புப் படிப்பிக்கிறாள். காலமை நான் கேட்டதும் நடிப்புத்தான். எட்டு மாசமா நான்தான் மறைச்சனான்."

ஒருவர் முகத்திலும் நிம்மதி தெரியவில்லை. பிலோமினா அக்காவின் பார்வையில் இரக்கம் இன்னும் கூடியது.

"எட்டு மாசமோ? ஆரம்பத்திலயே சொல்லியிருக்கலாமே ஜெசிந்தா."

பக்கத்தில் இருந்தவர் தன் மைத்துனரின் மகனுக்கும் இப்படித்தான் வந்தது என்றார். "மூண்டு வருசம் அப்பிடி இருந்தவன். இப்ப நல்ல சுகம். பாங்கில வேலை."

செபமாலையின் மிச்சத்தையும் சொல்லி முடிப்பது என்று தீர்மானித்தார்கள். மன்றாட்டின் கருத்து மாற்றப்படவில்லை. ஷெரினும் முழந்தாளிட்டு, எல்லோரையும் விடச் சத்தமாகச் செபத்துக்குப் பதில் சொன்னாள். இப்போது எங்கள் கோவில் பங்கில் யாருடைய பிள்ளையாவது நல்ல வேலையை விட்டால், தாய்மார் முதலில் அழைப்பது என்னைத்தான். நான் சூப்போடு போகிறேன்.

அன்று கடைசியாக வந்தவர் ஃபாதர். எங்கள் ரெய்னர்ஸ் லேனில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எங்கேயோ விட்டுவிட்டு, எண்ணெய்ச் சிமிழோடு மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். பிலோமினா அக்கா அவர் காதில் இரண்டு நிமிடம் பேசினார். ஃபாதர் ஷெரினைப் பார்த்தார். அவள் இரண்டாவது மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். கண் வீங்கி, தலை கலைந்து, சுவரைப் பிடித்தபடி நின்றேன். அப்போது அவர் சொன்னதை ஷெரின் ஒவ்வொரு நத்தாருக்கும், அவருடைய மன்னார்க் குரலிலேயே நடித்துக் காட்டுகிறாள். ஒவ்வொரு முறையும் நடிக்கச் சொல்லிக் கேட்பவர் என் கணவர்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கிறா. வந்த நான் வந்திட்டன். அம்மாவுக்குப் பூசிவிடுறன், அவவை இருத்துங்கோ."