சீஸுக்கு ஒதுக்கப்பட்ட அறை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: என் அக்கா, தலைமை. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, தீர்மானத்தை முன்மொழிபவர். மாடி வீட்டுப் பல் டாக்டர், நடுநிலையாளர். ஈரத்துணி போர்த்திய ஒரு சீஸ், மனுதாரர். நான், எதிர்மனுதாரர். இடம்: அக்கா வீட்டு ஹால். பொருள்: நான் படுக்கும் பின் அறை இனி யாருக்கு.

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் வளர்ந்து, என் அக்கா வீட்டுச் சமையலறையில் நிறைவு பெற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொட்டி, வினிகர், கடுகு விழுது எல்லாமே அங்கே 'கையால்' செய்தவை. சாப்பிட மட்டும் எதுவும் கிடைக்காது. எல்லாம் ஏதாவது ஒரு ஜாடிக்குள் 'உருவாகிக்கொண்டிருக்கும்'. பசிக்கிறது என்றால், "பொறுடா, புளிச்சுக்கிட்டிருக்கு" என்பாள் அக்கா.

சனிக்கிழமைகளில் அக்காவும் மாமாவும் 'படைப்பு உலா' போவார்கள். நகரத்தில் மூடிக்கிடக்கும் கடைகளுக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பூட்டுகளை வரைவார்கள். பூட்டு மட்டும்தான். கதவை வரைவது வியாபாரப் புத்தி என்பது மாமாவின் கொள்கை. ஒருமுறை, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் தன் கடையைத் திறக்க வந்தார். நிழல் போட்டு முடிக்கும்வரை பூட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் சாவியோடு காத்து நின்றார். அந்தப் பொறுமைக்குப் பரிசாக அக்கா தன் ரொட்டியில் ஒரு துண்டு கொடுத்தாள். மறுநாள் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடி டாக்டரிடம் வந்தார். டாக்டருக்கும் இந்த வீட்டுக்குமான நட்பு இப்படித்தான் வளர்ந்தது.

நான் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். காலையில் வந்ததும் பின் அறையின் ஜன்னலைச் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டு, சாயங்காலம்வரை தூங்குவேன். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் மிக்ஸி ஓடாது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்த கூரியர்காரரை வாசலிலேயே கையமர்த்தி அனுப்பியிருக்கிறாள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு என் மேல் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. மழையில் நனைந்த சாக்ஸைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டால் வருமே, அது. குளித்தேன். சோப்பை மாற்றிவிட்டு மறுபடியும் குளித்தேன். கிடங்கில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் நகர்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் நகர்ந்தான். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூக்கைப் பொத்தியபடி, என் 'உடல்நிலை'யில் நிர்வாகத்துக்கு மிகுந்த அக்கறை உண்டு என்றார். அதற்கு மேல் அங்கே போக முகமில்லை. நின்றுவிட்டேன். இரவில் தூங்கி, பகலில் ஜன்னலைத் திறந்துவைக்க ஆரம்பித்தேன்.

கூட்டம் கூட்டப்பட்டது அதனால்தான்.

மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். முந்தைய சீஸ்கள் சமையலறையில் உயிர்நீத்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார். இந்த ஒன்று மட்டும் பிழைத்து ஆளானதற்குக் காரணம், அது வளர்ந்த இடம் என்றார். அந்த இடம், என் கட்டிலுக்கு அடி.

"எங்க?" என்றேன்.

"உன் கட்டிலுக்கு அடியிலதான் மாப்ள. சொல்லியிருந்தா நீ கவனம் வச்சுத் தூங்குவ. இயல்பா இருக்காது."

"எப்பலேருந்து?"

"நீ ஒழுங்கா வேலைக்குப் போன காலத்துலேருந்து."

பகல் முழுக்க இருட்டு, திறக்காத ஜன்னல், தூங்கும் ஆளின் மூச்சிலிருந்து வரும் ஈரம். உலகத்தில் எந்தப் பண்ணையிலும் கிடைக்காத சூழல் என்றார் மாமா. சீஸுக்கு அதிர்வு ஆகாது என்பதால் அக்கா மிக்ஸியைக்கூடத் தியாகம் செய்ததைக் குறிப்பிட்டபோது அவருக்குக் குரல் கம்மியது. அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த நாத்தத்தாலதான்க்கா எனக்கு வேலை போச்சு."

"வேலை எங்கடா போச்சு, நீயாத்தானே நின்ன? நின்னதுலேருந்து ஜன்னலைத் திறந்து போட்டு வச்சிருக்க. சீஸ் ஓரமெல்லாம் காஞ்சு போய்க் கெடக்கு. யாரு பதில் சொல்றது?"

"நாத்தம் தாங்காமத்தான் திறந்தேன்."

"அது நாத்தம் இல்ல மாப்ள, முதிர்ச்சி," என்றார் மாமா. "உனக்கு வர வேண்டியது."

இரு தரப்பும் தம் வாதத்தை வைக்கலாம் என்று தலைமை அனுமதித்தது. எனக்குப் போக வேறு இடமில்லை, இன்னொரு வேலை கிடைக்கும்வரை ஹாலிலாவது படுத்துக்கொள்கிறேன் என்றேன். ஹாலில் வினிகர் ஜாடிகள் இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. நான் போய்விட்டால் மூச்சு ஈரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"உன் இடத்துக்கு ஈரத்துணி போட்டாச்சு," என்றாள் அக்கா.

சீஸ் தன் தரப்பில் வாயே திறக்கவில்லை. அதன் கண்ணியம் எல்லோரையும் கவர்ந்தது.

டாக்டர் ஒரு துண்டை மென்று பார்த்தார். "மெத்துனு இருக்கு. ரொட்டி மாதிரி இல்ல. தொழில்னு பாத்தா இதனால எனக்கு நஷ்டம்தான். ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று சீஸுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

தீர்மானம் நிறைவேறியது. மாமா நியாயவான். மறுபடி இரவு வேலையில் சேர்ந்து, பகலில் இருட்டில் தூங்குவதாக உறுதி கொடுத்தால் என் விண்ணப்பம் 'பரிசீலிக்கப்படும்' என்றார். இந்த நாற்றத்தோடு என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி, பொருளுக்கு அப்பாற்பட்டது என்று தள்ளப்பட்டது.

பையோடு வாசலைத் தாண்டினேன். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. வினிகர் நெடியாகவும் இருக்கலாம்.

"டேய், நில்லு. அந்தப் போர்வையையா எடுத்துட்டுப் போற?"

"என் போர்வைதானேக்கா."

"விட்டுட்டுப் போடா. சீஸ் அதுக்குப் பழகிடுச்சு."

கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. அக்காவுக்குப் பூட்டை வரையத்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மெதுவாப் பூட்டு," என்று உள்ளிருந்து மாமாவின் குரல் கேட்டது. "அது தூங்குது."

அக்கா, துளிச் சத்தமும் வராமல், பூட்டினாள்.