புழு அண்ணாச்சி கதவைப் பூட்டிய நாள்

குளிப்பதற்கென்றே குற்றாலம் வந்தவர்களை அறைக்குள் பூட்டிவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லாட்ஜ் மேனேஜர், புழு அண்ணாச்சி.

எண்பதுகளில் ஐந்தருவி போகும் வழியில் இருந்த அந்த லாட்ஜில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே முதலாளியின் தோப்பு. விழுகிற தென்னை ஓலை, கமுகு மட்டை, வாழைத்தண்டு எல்லாவற்றையும் கொளுத்துவதுதான் வழக்கம். அண்ணாச்சிக்கு அது பொறுக்காது. குழி வெட்டி, நறுக்கிப் போட்டு, ஆறிய சாணம் தெளித்து, மண்புழுக்களை விட்டார். "எரிச்சா சாம்பல்தான் தம்பி. இவுககிட்ட குடுத்தா உரமா திருப்பித் தாராவ" என்பார். புழுக்களை ஒருநாளும் அவர் 'அது' என்று சொன்னதில்லை.

தோப்பில் குப்பை சேருகிறதே என்று முதலாளிக்கு எரிச்சல். சீசன் நேரத்தில் ஒருநாள் காலை நேரில் வருவதாகவும், பிடிக்காவிட்டால் குழியை மூடிவிடுவதாகவும் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி பார்க்கும்போது புழுக்கள் தெம்பாக இருக்கட்டும் என்று, முந்தின நாள் பச்சைச் சாணியை அள்ளிக் கொட்டி விருந்து வைத்தார். பச்சைச் சாணியின் சூடு புழுவுக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

விடிந்து பார்த்தால் குழியில் ஆளில்லை. சாரலில் நனைந்த வராந்தா முழுக்கப் புழுக்கள். அறைகளிலோ, தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும் கூட்டம். புழு தோலால் மூச்சு விடுகிற பிறவி. எண்ணெய் பட்டால் முடிந்தது கதை. அண்ணாச்சி ஓடி ஓடி எல்லாக் கதவுகளையும் வெளியே பூட்டினார்.

"கதவத் திறங்க மேனேஜர், எண்ணெ கண்ணுல இறங்குது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க சார். இங்கன பிள்ளைக தவழுதாவ."

நாங்கள் இருவரும் கமுகம்பாளையைத் தட்டுபோல் பிடித்து அதில் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதே முதலாளியின் கார் வந்து நின்றது. அறைக்கு அறை கதவு இடிக்கிற சத்தமும் வசவும் அவரை வரவேற்றன.

"வேல வேணுமா, புழு வேணுமா? ஒண்ணச் சொல்லும்வே" என்றார் முதலாளி.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவேயில்லை. "இவுகள எங்கன கொண்டு விடலாம்னு யோசிக்கேன் முதலாளி."

கடைசிப் புழுவையும் பொறுக்கிய பிறகுதான் கதவுகள் திறந்தன; அண்ணாச்சியின் வேலையும் போனது. செய்தி கேட்டு, பண்பொழியில் ஒரு தோப்புக்காரர் அவரையும் புழுக்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே பஸ் ஏற்றிவிடப் போனேன். ஈரச் சாக்கு போர்த்திய கூடையைக் காட்டி, "இது என்னது?" என்று கேட்டார் கண்டக்டர்.

"குடும்பம்" என்றார் அண்ணாச்சி.

பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினார். "தம்பி, வராந்தா மூலையில யாராவது விட்டுப்போயிருந்தா பத்திரமா எடுத்து வையும்."

மறுநாள் பூந்தொட்டிக்கு அடியில் ஒருவர் இருந்தார். ஈரமண்ணோடு பாளையில் வைத்துக்கொண்டு பண்பொழி பஸ்ஸில் ஏறினேன். புழு என்னவோ ஒன்றுதான்; எனக்கு அண்ணாச்சியைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.