பாஞ்சாலிக்குத் தூக்கம் வரவில்லை

வீடற்றவர்களிடம் உண்மையில் இல்லாதது வீட்டில் வாழும் பழக்கமே என்று 1981-ல் மேலிடம் கண்டுபிடித்தது. அந்தக் குறையைப் போக்க ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாதிரி வீடு கட்டி, 'இல்லவாழ்வுத் தொழில்வழிச் சிகிச்சை நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். இடம் வேண்டுமே என்று அங்கிருந்த பாஞ்சாலியின் குடிசையைப் பிரித்தார்கள். அதனால் முதல் நோயாளியும் அலையாமல் கிடைத்தாள்.

பகலெல்லாம் அவள் அங்கே அடுப்பு மூட்டினாள், கதவைத் தாழிட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். மாலையில் அதிகாரி இராமச்சந்திரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார். அவள் இருமிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள்.

ஐப்பசி பிறந்ததும் பரீட்சை வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டாள்.

"பாஞ்சாலி, நீ பூரண குணமடைந்துவிட்டாய். நாளை முதல் வர வேண்டாம்" என்றார் இராமச்சந்திரன்.

"அப்போ வூடு எங்க சார் கீது?"

"வீடு வேறு இலாகா. நாங்கள் வாழ மட்டும்தான் கற்றுத் தருவோம்."

"மழ வந்துகினு கீதே சார்!"

"மழைக்கு என்ன செய்வது என்று படித்திருக்கிறாயே. ஜன்னலைச் சாத்து!"

சிகிச்சை நிபுணர் அருள்மேரிக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஆபீசில் வயிற்றெரிச்சல் செல்லாது, விதிதான் செல்லும்.

"சார், வீட்டில் தூங்குவதை நாம் பரிசோதிக்கவே இல்லையே. ஆடிட்டில் கேட்டால்?"

ஆடிட் என்றதும் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அருள்மேரி கேட்டாள்: "நல்லா தூங்குனியா?" கேட்டபடியே இல்லை என்று தலையாட்டியும் காட்டினாள்.

பாஞ்சாலி கெட்டிக்காரி. "கண்ணே மூடல டாக்டரம்மா! மேல கூர கீதா, பயமா கீது."

'தேறவில்லை. இரவுச் சிகிச்சை தொடரவும்' என்று உத்தரவாயிற்று. அவள் விட்ட குறட்டை தெருக்கோடி வரை கேட்டது. அது தூக்கமின்மையின் முற்றிய நிலை என்று அருள்மேரி விளக்கம் கொடுத்தாள்.

இதற்கிடையில் ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பி, வாடகை எகிறியது. இராமச்சந்திரனின் வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கொட்டும் மழையில், மனைவி மக்களோடும் படுக்கையோடும் அவர் நிலையத்துக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு ஜன்னல் சாத்தத் தெரியுமா சார்?" என்றாள் அருள்மேரி.

"சத்தியமாகத் தெரியாது!"

"உள்ள வா சார்" என்று பாஞ்சாலி கதவைத் திறந்தாள். "நான் கத்துத் தரேன்."

இப்போது நிலையத்து வாசலில் பெரிய வரிசை. எனக்கு முன்னால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் நிற்கிறார்கள். எனக்கும் கதவைத் தாழிடத் தெரியாது என்பதை இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.