உச்சந்தலையில் ஐந்தாவது ஊசி

வலி மாத்திரை விற்றுப் பிழைத்த காலத்தில், கழுத்து வலிக்கு நான் திருட்டுத்தனமாக அக்குபஞ்சர் பார்த்துக்கொண்டேன். சாராயக் கடைக்குப் போகிறவன்கூட அவ்வளவு பதுங்கிப் போயிருக்க மாட்டான். எங்கள் கம்பெனி மாத்திரையை மூன்று வாரம் விழுங்கியும் கழுத்து அசையவில்லை. யாராவது கூப்பிட்டால் லாரி மாதிரி ஆளே முழுதாகத் திரும்ப வேண்டும். (சர்ச்சில் ஞாயிறு பூசையின் நடுவே, வழக்கப்படி பக்கத்தில் இருப்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லத் திரும்பியபோது பக்கத்தில் நின்றவர் இரண்டடி நகர்ந்துவிட்டார்.)

ஊசி போட்டவர் செல்வராணி அக்கா. திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் பல வருடம் நின்றவர், என்னிடமே ஆர்டர் கொடுத்தவர். ஒற்றைத் தலைவலி பாடாய்ப் படுத்தியதால் மதுரையில் ஊசி வைத்தியம் பார்த்தார். குணமானதும் அதையே படித்துவிட்டு வந்தார். அதற்காக மாத்திரையை ஒரு நாளும் திட்டியதில்லை. நெஞ்சு வலி என்று வந்த பூ வியாபாரியை, ஊசிப் பெட்டியைத் திறக்காமலே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். கேள்விகள்தான் ஊசியைவிட ஆழமாக இறங்கும்.

“ராத்திரி எப்ப சாப்புடுறீக தம்பி?”

“பதினோரு மணி ஆயிரும்க்கா. செல்லு பாத்துக்கிட்டே.”

“பசிச்சா சாப்புடுறீக?”

“அதெல்லாம் யாருக்கா கவனிக்கிறா?”

“அப்ப கழுத்த மட்டும் குத்தம் சொல்லாதீக.”

நான்காவது முறை போனபோது கையில் இரண்டு, காலில் இரண்டு, உச்சந்தலையில் ஒன்று என ஐந்து ஊசி வைத்து, “செத்த நேரம் அசையாமக் கெடங்க” என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனார். உடனே என் மேனேஜர் போனில் வந்தார். அடுத்த தெருவிலிருந்த எலும்பு டாக்டர் சீக்கிரமே வரச் சொல்லிவிட்டாராம். அன்று நான் டாக்டரிடம் பேசுவதைக் கூட இருந்து பார்த்துத்தான் மேனேஜர் என் பதவி உயர்வை முடிவு செய்யப் போகிறார். கண்ணில் பட்ட நான்கு ஊசிகளைப் பிடுங்கித் தட்டில் போட்டேன், டையை மாட்டினேன், ஓடினேன்.

டாக்டர் முன்னால் பிரமாதமாகப் பேசினேன். அவர் கண் என் நெற்றிக்கு மேலேயே நின்றது. மனிதர் சொக்கிவிட்டார் என்று நினைத்து, “கழுத்து வலிக்கு இதவிட நல்ல மாத்திரை இல்ல சார்” என்றேன். அப்போது கதவு திறந்தது. நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த செல்வராணி அக்கா, கையில் பஞ்சோடு நின்றார்.

“மன்னிக்கணும் டாக்டர். அஞ்சு குத்துனேன், தட்டுல நாலுதான் இருக்கு. கணக்குச் சரியாகாம அடுத்த ஆளத் தொட மாட்டேன்.”

என் உச்சந்தலையிலிருந்து ஊசியை எடுத்து, பஞ்சால் துடைத்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சா நாங்களும் இப்படித்தாம்மா எண்ணுவோம்” என்று அவரை எழுந்து நின்று வழியனுப்பிய டாக்டர், என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, ஒங்க மாத்திரை ஒங்களுக்குக் கேக்கலையா?”

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் தெரிந்தது, கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. அந்த அவமானத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இன்றைக்கும் நான் வெளியே கிளம்பினால் என் மகள் வாசலில் மறித்து, குனியச் சொல்லி, உச்சந்தலையைத் தடவிப் பார்ப்பாள். பிறகு உள்ளே திரும்பி அம்மாவுக்குச் சொல்லுவாள்: “ஒன்னும் இல்லம்மா, அப்பா போகட்டும்.”