இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் கண்

ஒரு நாட்டுக்குத் தலைநகரம் தேர்ந்தெடுப்பது எளிது. நாலு பேர் உட்கார்ந்து வரைபடத்தில் விரல் வைத்தால் முடிந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அதைவிட எளிது, பிடிக்காவிட்டாலும் பழகிவிடும். ஆனால் கணினி விளையாட்டு திக்காமல் திணறாமல் ஓட ஒரு மானிட்டரையும் ஒரு கிராபிக்ஸ் கார்டையும் தேர்ந்தெடுப்பது இருக்கிறதே, அது மகான்கள் செய்ய வேண்டிய காரியம். என் வீட்டில் அப்படி ஒரு மகான் இருக்கிறான். நான்தான் பெற்றேன்.

மகான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு. அதில் ஒரே ஒரு நாளை நான் கேட்டிருந்தேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டார்கள். "கூட ஒரு ஆள் இருந்தா போதும், காலைல வந்து சாயந்திரம் போயிடலாம்" என்று நர்ஸம்மா சொன்னார். மருமகளுக்கு வெளியூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது.

மகனிடம் சொன்னேன். "கண்டிப்பா போலாம்பா. மானிட்டர் வந்து இறங்கட்டும்" என்றான்.

இதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. சாதாரண மானிட்டரில் படம் நொடிக்கு அறுபது தடவை மாறும். அதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள். மகனுக்கு ஆலோசகனாக ஒரு நண்பன் வருவான். எதை எடுத்தாலும் ஹெர்ட்ஸில் பேசுவதால் அவன் பெயரே ஹெர்ட்ஸ் ஆகிவிட்டது. அவன் தீர்ப்புச் சொன்னான்:

"அறுபதுல எல்லாம் மனுஷன் பார்ப்பானாடா? அது குருடன் பார்க்கிறது."

குருடனுக்கு நொடிக்கு அறுபது கிடைக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அத்தனை கூடக் கிடைக்கவில்லை.

நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ் மானிட்டர் வந்த நாளில் முதலாவது லீவு. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு வெளியான நாளில் கடை வாசலில் வரிசையில் நிற்க இரண்டாவது லீவு. இரண்டையும் பத்து வருடப் பழைய கணினிப் பெட்டியில் மாட்டினார்கள். மானிட்டர் கேபிளை ஹெர்ட்ஸே தன் திருக்கரத்தால் செருகினான். விளையாட்டை ஓட்டினார்கள். திரையில் ஓடிய சிப்பாய், ரேஷன் கடை வரிசைபோல, ஓரடி எடுத்து வைத்து நின்றான். யோசித்தான். அடுத்த அடி வைத்தான்.

உயர்மட்டக் குழு கூடியது.

"மானிட்டர் பத்தல" என்றான் ஹெர்ட்ஸ். "நூத்து நாப்பத்து நாலு எல்லாம் போன வருஷத்துச் சமாசாரம். இருநூத்து நாப்பது வேணும்."

இருநூற்று நாற்பது வந்தது. மூன்றாவது லீவு. சிப்பாய் யோசித்தான்.

"கார்டு பத்தல."

மூன்று விசிறி வைத்த கார்டு வந்தது. நாலாவது லீவு. பெட்டிக்குள் கல்யாண மண்டபம்போல விளக்கெரிந்தது. கேபிளை மறுபடியும் ஹெர்ட்ஸே செருகினான். சிப்பாய் யோசித்தான்.

இதற்குள் எட்டு மாதம். என் வாழ்க்கையும் சுவாரசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டிடம் "உள்ள வாங்க" என்றேன். ஒருநாள் கூடத்தில் யாரோ கட்டையாக நின்றார்; நாற்காலி எடுத்துப் போட்டு, குடும்ப சௌக்கியமெல்லாம் விசாரித்தேன். அவர் பதில் பேசாததால் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி. மகன் அப்போது மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து, இரண்டு கறுப்பு நிறங்களில் எது அதிகக் கறுப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மருமகள் ஞாயிறுதோறும் கேட்பாள்: "ஆச்சா மாமா?"

"லீவு கிடைக்கலம்மா."

"அவர் போன வாரம்கூட லீவு போட்டாரே?"

"அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த லீவும்மா."

ஒருநாள் மகன் அலுவலகம் போயிருந்தபோது என் கண் மருந்துச் சீசா மேசைக்குப் பின்னால் உருண்டுவிட்டது. மண்டியிட்டுத் துழாவினேன். முப்பத்தைந்து வருடம் தொலைபேசி இலாகாவில் குழிக்குள் இறங்கிக் கேபிள் இணைத்தவன் நான். அங்கே வெளிச்சம் கிடையாது, விரல்தான் கண். பெட்டியின் முதுகைத் தடவினேன். புதுக் கார்டின் நாலு துளைகளும் தட்டுப்பட்டன. நாலிலும் கம்பெனி போட்டு அனுப்பிய ரப்பர் மூடி அப்படியே இருந்தது. மானிட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மேலே, பத்து வருடமாக இருந்த அதே பழைய துளையில் பத்திரமாகச் செருகியிருந்தது.

அதாவது, புதுக் கார்டுக்குப் போக வேண்டிய கேபிள் அங்கே போகவே இல்லை; படத்தை வரைந்தது பழைய பெட்டிதான். மூன்று விசிறிக்காரர் விளக்குப் போட்டுக்கொண்டு சும்மா வீற்றிருந்தார். இப்படிப்பட்ட மேலதிகாரிகளை இலாகாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், உண்மையைச் சொல்வது கடமை அல்லவா? மாலை குழு கூடியதும் வாயைத் திறந்தேன்.

"டேய், அந்தக் கேபிள் வந்து..."

"அப்பா, ப்ளீஸ். அதைத் தொட்டுடாதீங்க. உங்களுக்கு டிவி ரிமோட்டே புரியல."

"அங்கிள்" என்றான் ஹெர்ட்ஸ் கனிவாக, "இது டெலிபோன் ஒயர் இல்ல."

அறிஞர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டேன். அன்றைய கூட்டத்தில் எல்லாவற்றையும் அலசினார்கள். மானிட்டர் உலகத்தரம். கார்டு உலகத்தரம். நாற்காலிகூட உலகத்தரம். ஆனாலும் திக்குகிறது. குறை வேறெங்கே இருக்க முடியும்?

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "சாமானில குறை இல்லன்னா... பார்க்கிறவன் கண்ணுல ஏதாவது இருக்குமோ?"

ஹெர்ட்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு மகனின் கண்ணை உற்றுப் பார்த்தான்.

"இருக்கலாம்டா" என்றான் ஹெர்ட்ஸ் மெல்ல. "உன் கண்ணு எத்தனை ஹெர்ட்ஸ்னு நாம பார்க்கவே இல்லையே."

மகன் எழுந்தான். அப்போதே அலுவலகத்துக்குப் போன் போட்டான். "சார், வியாழக்கிழமை லீவு வேணும். கண்ணு விஷயம் சார். தள்ளிப்போட முடியாது."

"கண்ணாஸ்பத்திரிக்குத் தனியா போகக்கூடாதுடா" என்றேன். "நான் துணைக்கு வரேன்." மறுநாள் நர்ஸம்மாவுக்கு நானும் ஒரு போன் போட்டேன்.

வியாழக்கிழமை நர்ஸம்மா என் சீட்டைப் பார்த்துவிட்டு, "துணைக்கு ஆள் வந்தாச்சா பெரியவரே?" என்றார்.

"இதோ."

மகன் போனில் கார்டுகளை ஒப்பிடும் வீடியோ பார்த்துக்கொண்டே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். எதற்கென்று கேட்கவில்லை. அவனை ஒரு அறைக்கும் என்னை ஒரு அறைக்கும் கூட்டிப்போனார்கள்.

கட்டுப் போட்டு வெளியே வந்தபோது டாக்டர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. இப்படி ஒரு பார்வைய நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

மகன் என் பக்கம் திரும்பினான். "அப்பா, கண்ணுல என்ன கட்டு?"

"ஆபரேஷன்டா."

"சொல்லவே இல்ல?"

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடியில் இரண்டு நரை. யாரும் அவனிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

இப்போது குழு மின்சாரத்தின் தரத்தை ஆராய்கிறது. எனக்கு இடது கண் இன்னும் பாக்கி. கேபிள் அதுவரை அந்தத் துளையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அவனே பார்த்துக் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம் எனக்கு இல்லை. மேசைக்குப் பின்னால் இருக்கிற கேபிளா தெரியப்போகிறது? டாக்டரே மெச்சிய அந்தக் கண்ணுக்கு, எட்டு மாதமாக எதிரில் தட்டுத் தடுமாறிய நானே தெரியவில்லை.